ஸ்டேஷனிலிருந்து போன் வந்தால் போகத்தான் வேண்டுமா?

கேள்வி:

வக்கீல் ஐயாவுக்கு வணக்கம். எங்களுக்குக் களக்காடு பக்கம் ஊர். ஒன்றரை ஏக்கர் வாழை போட்டிருக்கோம். பக்கத்துத் தோட்டக்காரர் வரப்பைத் தள்ளி வேலி போட்டதுல எங்க வாழை பதினொண்ணு வெட்டுப்பட்டுப் போச்சு. போன வியாழக்கிழமை என் மூத்த மகன் (வயசு 24) போய்க் கேட்டான். வாய்ப்பேச்சு முத்தி, ஒருத்தரை ஒருத்தர் பிடிச்சுத் தள்ளினதுல அவர் கீழ விழுந்து முழங்கையில சிராய்ப்பு. மறுநாள் காலையில ஸ்டேஷன்ல இருந்து போன். பத்து மணிக்குப் போன பையனை ராத்திரி ஒன்பதரை வரைக்கும் உட்கார வச்சுட்டாங்க. அடிக்கலை. செல்போனை வாங்கி வச்சுக்கிட்டாங்க, இன்னும் தரலை. ரெண்டு வெள்ளைத்தாள்ல கையெழுத்தும் வாங்கியிருக்காங்க. இப்போ, "ஞாயித்துக்கிழமை சாயங்காலம் எல்லாரும் வாங்க, அம்பதாயிரம் கொடுத்துப் பேசி முடிங்க, இல்லைன்னா எஃப்.ஐ.ஆர். போட்டு ரிமாண்ட் பண்ணிருவோம்"ங்காங்க. என்னையும், சண்டையப்போ கூட நின்ன சின்னவனையும் (பிளஸ் டூ, வயசு 17) கூட்டிட்டு வரச் சொல்றாங்க. வீட்டுக்காரருக்கு வயசு 64, சுகர் இருக்கு. நாங்க போகணுமா? போகலைன்னா பிடிச்சுட்டுப் போயிருவாங்களா?

பெயர் வேண்டாம், நாங்குநேரி தாலுகா.

பதில்:

அம்மா, ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். போனில் கூப்பிட்டதற்காக நீங்கள் யாரும் கிளம்ப வேண்டாம். அதே சமயம் "வரமாட்டோம்" என்றும் சொல்ல வேண்டாம். மறுபடி போன் வந்தால் இப்படிச் சொல்லுங்கள்: "சார், விசாரணைக்கு ஒத்துழைக்கத் தயாரா இருக்கோம். எந்த மனு, என்ன நம்பர்னு போட்டு எழுத்துல சம்மன் அனுப்புங்க. அதுல இருக்கிற தேதிக்கு என் மகன் வக்கீலோட வந்துருவான்." இதற்கு மேல் ஒரு வார்த்தை பேச வேண்டாம். வாக்குவாதம் கூடாது. போன் வந்த நேரம், எந்த எண்ணிலிருந்து வந்தது, பேசியவர் சொன்ன பெயர், பதவி எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

எழுத்தில் கேட்பதை ஸ்டேஷனில் திமிராக எடுத்துக்கொள்வார்களோ என்று பயப்படுவீர்கள். சட்டமே அப்படித்தான் சொல்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்தது, கீழே நான் சொல்லும் பிரிவுகள் பெரும்பாலும் இதைச் சேர்ந்தவை) ஒருவரை வரவழைக்கக் காவல்துறைக்கு இரண்டு வழி இருக்கிறது. சாட்சியாக, விவரம் தெரிந்தவராக அழைப்பதென்றால் 179-வது பிரிவின்படி எழுத்து மூலமான உத்தரவு வேண்டும். அழைக்கப்படுபவர் அந்த ஸ்டேஷன் எல்லையிலோ அடுத்த ஸ்டேஷன் எல்லையிலோ இருப்பவராக இருக்க வேண்டும். குற்றம் செய்ததாகச் சந்தேகப்பட்டு, ஆனால் கைது தேவையில்லை என்று கருதினால், 35(3)-ன் கீழ் நோட்டீஸ். இந்த இரண்டு வகை நோட்டீஸையும் வாட்ஸ்அப்பில் அனுப்புவது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. வெறும் புகார் மனு விசாரணைக்கும் சென்னை உயர் நீதிமன்றம் இதையேதான் சொல்லி வருகிறது. போலீஸ் தொந்தரவு என்று போடப்படும் மனுக்களில் அது வழக்கமாகப் பிறப்பிக்கும் உத்தரவு இது: தேதியும் நேரமும் குறித்து எழுத்தில் சம்மன் கொடுக்க வேண்டும், விசாரணையில் நடந்ததை ஸ்டேஷன் டைரியில் பதிய வேண்டும், வந்தவரைத் துன்புறுத்தக் கூடாது.

உங்கள் கடிதத்தில் எஃப்.ஐ.ஆர். நகலைப் பார்த்ததாக ஒரு வரி இல்லை. "போடுவோம்" என்று அவர்கள் மிரட்டுவதைப் பார்த்தால் இன்னும் போடவில்லை என்றே தெரிகிறது. பக்கத்துத் தோட்டக்காரர் கொடுத்த மனுவுக்கு சி.எஸ்.ஆர். ரசீது (மனு வந்து சேர்ந்ததற்கு ஸ்டேஷனில் தரும் சீட்டு) கொடுத்திருப்பார்கள், அவ்வளவுதான். அந்த நிலையில் இருக்கும் ஒரு மனுவுக்காக ஒருவரைப் பதினொன்றரை மணி நேரம் பெஞ்சில் உட்கார வைக்கச் சட்டத்தில் இடமே கிடையாது. ஒருவர் விருப்பப்படி எழுந்து வீட்டுக்குப் போகலாம், அல்லது அவர் கைது செய்யப்பட்டிருக்கிறார். இரண்டுக்கும் நடுவில் "சும்மா விசாரிக்க வச்சிருக்கோம்" என்று ஒரு நிலை இல்லை. விலங்கு மாட்டினால்தான் கைது என்பதும் இல்லை; போக விடாமல் வைத்திருந்தாலே அது காவலில் வைத்ததாகும். இதை உங்கள் மகனுக்கும் புரியும்படி சொல்லுங்கள். ஸ்டேஷனில் உட்கார்ந்திருக்கும் பெரும்பாலான பையன்களுக்கு, "சார், நான் கைது செய்யப்பட்டிருக்கேனா, இல்லைன்னா போகலாமா?" என்று கேட்கலாம் என்பதே தெரியாது. ஒரே ஒரு முறை, மரியாதையாக, நாலு பேர் காதில் விழும்படி கேட்டால் போதும்.

அடுத்து, உங்களையும் உங்கள் வீட்டுக்காரரையும் பற்றி. 179-வது பிரிவிலேயே ஒரு விதிவிலக்கு இருக்கிறது. பெண்கள், 15 வயதுக்குக் கீழே அல்லது 60 வயதுக்கு மேலே உள்ள ஆண்கள், உடல் அல்லது மனக் குறைபாடு உள்ளவர்கள், கடும் நோய் உள்ளவர்கள் இவர்களைச் சாட்சியாக விசாரிக்க வேண்டுமென்றால் அவர்கள் குடியிருக்கும் இடத்துக்குத்தான் போலீஸ் வர வேண்டும். ஸ்டேஷனுக்கு வரும்படி கட்டாயப்படுத்த முடியாது. பழைய சட்டத்தில் ஆண்களுக்கு இந்த வயது 65 ஆக இருந்தது, இப்போது 60. ஆகவே 64 வயது ஆகும் உங்கள் வீட்டுக்காரருக்கும் அது பொருந்தும். நீங்களாக விருப்பப்பட்டுப் போனால் சட்டம் தடுக்காது. நீங்கள் போக வேண்டாம் என்பது என் கருத்து. பிள்ளையைத் தனியாக அனுப்ப மனசு கேட்காமல் அம்மாக்கள் கூடவே போகிறார்கள். அங்கே அம்மாவின் அழுகையைக் காட்டியே பிள்ளையிடம் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். உங்கள் இடத்தில் ஒரு வக்கீல் போகட்டும்.

சூரியன் மறைந்த பிறகு பெண்ணைக் கைது செய்யக் கூடாது என்ற விதியை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். 43(5)-ல் அது இருக்கிறது: விதிவிலக்கான சூழ்நிலையில் பெண் போலீஸ் அதிகாரி எழுத்தில் அறிக்கை கொடுத்து, மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதி பெற வேண்டும். ஆனால் இந்த விதி மீறப்பட்டதாலேயே கைது செல்லாமல் போய்விடாது, அதிகாரி விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2025-ல் சொல்லியிருக்கிறது. அதனால் இந்த ஒரு விதியை மட்டும் நம்பி இரவில் ஸ்டேஷன் வாசலில் போய் நிற்க வேண்டாம்.

சின்னவன் விஷயத்தில் கொஞ்சமும் விட்டுக்கொடுக்காதீர்கள். 18 நிறையாதவன் இளைஞர் நீதிச் சட்டப்படி குழந்தைதான். அவனை லாக்கப்பில் வைக்கக் கூடாது, விலங்கு கூடாது, பெற்றோருக்குத் தகவல் சொல்லியாக வேண்டும், அவனிடம் எந்த வாக்குமூலத்திலும் கையெழுத்து வாங்கக் கூடாது. அவனைக் கையாளும் அதிகாரி சீருடையில் இருக்கக் கூடாது. அவன்மேல் புகார் இருந்தால் 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் நகலையும் பிறப்புச் சான்றிதழ் நகலையும் இன்றைக்கே எடுத்து வையுங்கள். வயதை நிரூபிக்க முதலில் கேட்கப்படுவது பள்ளிச் சான்றும் பிறப்புச் சான்றும்தான். ஆதார் அட்டையை மட்டும் நம்ப வேண்டாம்.

இப்போது அந்த இரண்டு வெள்ளைத்தாள். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் கவலை தந்தது இதுதான். அடிக்கவில்லை என்று நீங்கள் ஆறுதல் பட்டிருக்கிறீர்கள். வெற்றுத்தாள் கையெழுத்து என்ன செய்யும் என்று பாருங்கள். அதில் "நான்தான் முதலில் தாக்கினேன், நஷ்ட ஈடு தரச் சம்மதிக்கிறேன்" என்று எழுதினால் சமாதானக் கடிதம் ஆகிவிடும். "இனி அந்தத் தோட்டத்துப் பக்கம் போக மாட்டேன்" என்று எழுதினால் உங்கள் வரப்பு உரிமையே போனது மாதிரி, நாளைக்கு சிவில் கோர்ட்டில் எதிர்த்தரப்பு எடுத்து நீட்டும். மேலே ஒப்புதல் வாக்குமூலம், கீழே கிராம நிர்வாக அலுவலரும் தலையாரியும் சாட்சி என்று பிறகு சேர்த்துவிடவும் வழி இருக்கிறது. போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியச் சட்டத்தின் (பாரதிய சாட்சிய அதினியம்) 23-வது பிரிவுப்படி குற்றத்தை நிரூபிக்கப் பயன்படாது. ஆனால் அதை வைத்து ஏதாவது பொருள் கண்டெடுக்கப்பட்டதாகக் காட்டினால் அந்தப் பகுதி மட்டும் உள்ளே வரும். தோட்டத்தில் ஓர் அரிவாள் இல்லாத வீடு நம் பக்கத்தில் ஏது? "ஒளித்து வைத்த அரிவாளை எடுத்துக் கொடுத்தான்" என்ற ஒரே வரியில் சாதாரணக் கைகலப்பு, ஆயுதத்தால் காயப்படுத்திய வழக்காக மாறிவிடும்.

இதற்கு மருந்து, தாமதமில்லாமல் ஒரு கடிதம். இன்றைக்கே எழுதுங்கள். அனுப்புநர் உங்கள் மகன். பெறுநர் அந்த ஸ்டேஷன் இன்ஸ்பெக்டர். நகல் மாவட்ட எஸ்.பி.க்கும் உட்கோட்ட டி.எஸ்.பி.க்கும். வார்த்தை அலங்காரம் வேண்டாம். மொத்தமும் ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும்:

"(தேதி) அன்று காலை சுமார் 10 மணிக்குத் தொலைபேசி அழைப்பின் பேரில் தங்கள் காவல் நிலையத்துக்கு வந்தேன். எழுத்துப்பூர்வமான சம்மன் எதுவும் எனக்குத் தரப்படவில்லை. இரவு சுமார் 9.30 மணி வரை நான் அனுப்பப்படவில்லை. எழுதப்படாத இரண்டு வெள்ளைத்தாள்களில் என் கையெழுத்து பெறப்பட்டது. அவற்றில் எழுதப்படும் எதுவும் என் விருப்பத்துடன் சொன்னது அல்ல. என் கைபேசி ரசீது இல்லாமல் பெறப்பட்டுள்ளது. அதைத் திருப்பித் தரவும், அல்லது கைப்பற்றியதற்கான நகலைத் தரவும் வேண்டுகிறேன். அன்று காலை 9.30 முதல் இரவு 10 மணி வரையிலான நிலையத்தின் கண்காணிப்புக் கேமரா பதிவை அழிக்காமல் பாதுகாக்க வேண்டுகிறேன். விசாரணைக்கு எழுத்து மூலம் அழைத்தால் ஒத்துழைக்கத் தயாராக இருக்கிறேன்."

செல்போனின் ஐ.எம்.இ.ஐ. எண்ணும் சிம் எண்ணும் அதில் இருக்க வேண்டும். ஐ.எம்.இ.ஐ. எண் போன் வாங்கிய பெட்டியில் ஒட்டியிருக்கும். ஸ்பீடு போஸ்ட்டில் மூன்று பேருக்கும் தனித்தனியாக அனுப்பி, ரசீதுகளைக் கடித நகலோடு சேர்த்துப் பின் அடித்து வையுங்கள். எஸ்.பி. அலுவலகத்துக்கு மின்னஞ்சலும் போகட்டும். யாரையும் திட்டாதீர்கள், "மிரட்டினார்கள், ஊழல்" என்றெல்லாம் எழுதாதீர்கள். நடந்ததும் நேரமும் மட்டும் இருந்தால் அந்தக் கடிதத்துக்குப் பலம் அதிகம். பத்து நாள் கழித்து வக்கீல் கோர்ட்டில் "கையெழுத்து கட்டாயமாக வாங்கியது" என்று சொன்னால், அதற்கென்று ஜோடித்த கதை என்று அரசுத் தரப்பு சொல்லும். தாமதமில்லாமல் போன கடிதத்தை அப்படித் தள்ள முடியாது.

கேமரா வரியை விட்டுவிட வேண்டாம். ஒவ்வொரு காவல் நிலையத்திலும் படமும் ஒலியும் பதியும் கேமரா இருக்க வேண்டும், பதிவை 18 மாதம், முடியாவிட்டால் குறைந்தது ஓர் ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் உத்தரவிட்டது. அதே ஆண்டு ஜூனில் நம் பக்கத்துச் சாத்தான்குளத்தில் ஜெயராஜும் பென்னிக்ஸும் காவலில் வைக்கப்பட்டு, ரிமாண்டுக்குப் பிறகு அடுத்தடுத்து உயிரிழந்தபோது, மதுரைக் கிளை அனுப்பிய மாஜிஸ்திரேட் அந்த நிலையத்துக்குப் போய்ப் பார்த்தார். கருவியில் இடம் இருந்தும், அன்றாடம் தானாக அழியும்படி அது அமைக்கப்பட்டிருந்ததாக அவர் அறிக்கை கொடுத்தார். எழுத்தில் "பாதுகாத்து வையுங்கள்" என்று கேட்ட பிறகு ஒரு பதிவு காணாமல் போனால், அதற்கு அந்த அதிகாரி பதில் சொல்லியாக வேண்டும்.

சரி, சம்மன் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. இதில் நான் கண்டிப்பாகச் சொல்கிறேன். 35(3) நோட்டீஸை வாங்கிக்கொண்டு போகாமல் இருந்தால், அதுவே கைதுக்குக் காரணம் ஆகிவிடும். போய்க்கொண்டிருக்கும் வரை, தனியாகக் காரணம் எழுதி வைக்காமல் அவனைக் கைது செய்ய முடியாது. ஆக, நோட்டீஸ் என்பது உங்கள் மகனுக்கு ஒரு பாதுகாப்பும்கூட. அதில் அவன் வந்து போனதற்கு ஒவ்வொரு முறையும் தேதியும் நேரமும் எழுதிக் கையெழுத்துக் கேளுங்கள். கொடுக்க மறுத்தால் வெளியே வந்ததும் "இன்று இத்தனை மணிக்கு ஆஜராகி இத்தனை மணிக்குத் திரும்பினேன்" என்று எஸ்.பி. அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல்.

உள்ளே போகும்போது மருந்து, மாத்திரை, குடிக்கத் தண்ணீர், அடையாள அட்டை நகல் போதும். அசல் பட்டா, அசல் பத்திரம் எதையும் கொண்டுபோக வேண்டாம். வாங்கி வைத்துக்கொண்டால் திரும்பப் பெறுவதற்கு இன்னொரு வழக்கு வேண்டும். பெயர், முகவரி, அன்றைக்கு அங்கே இருந்தானா என்பதற்குப் பதில் சொல்லலாம். தன்னைக் குற்றத்தில் மாட்டிவிடக்கூடிய கேள்விக்குப் பதில் சொல்ல அவனைக் கட்டாயப்படுத்த முடியாது. அரசியலமைப்பின் 20(3)-வது கூறு தரும் உரிமை அது. போலீஸ் விசாரணையின்போதே அது பொருந்தும் என்று 1978-ல் உச்ச நீதிமன்றத்தின் நந்தினி சத்பதி வழக்கிலேயே முடிவாகிவிட்டது. "சார், வக்கீலைக் கேட்டுட்டுச் சொல்றேன்" என்றால் போதும். பொய் மட்டும் சொல்லக் கூடாது. விசாரணையின்போது போலீஸ் எழுதும் வாக்குமூலத்தில், சொன்னவரிடம் கையெழுத்து வாங்கக் கூடாது என்று 181-வது பிரிவே சொல்கிறது. ஆகவே "இதுல ஒரு கையெழுத்துப் போடு" என்று எதையாவது நீட்டினால், படித்துப் பார்த்து, நகல் கேட்டு, இல்லையென்றால் போடாமல் வர வேண்டும். வருகைப் பதிவுக்கும் சம்மன் பெற்றுக்கொண்டதற்கும் மட்டும் கையெழுத்துப் போடலாம். பக்கத்தில் தேதியும் நேரமும் அவன் கையாலேயே எழுத வேண்டும், கீழே மிச்சம் இருக்கும் வெற்றிடத்தைக் குறுக்குக் கோடு போட்டு அடைத்துவிட வேண்டும்.

எஃப்.ஐ.ஆர். போட்டுவிட்டால்? பயந்து பிரயோஜனமில்லை, எந்தப் பிரிவுகள் என்று பாருங்கள். 24 மணி நேரத்துக்குள் இணையதளத்தில் ஏற்ற வேண்டும் என்பது 2016-லேயே வந்த உச்ச நீதிமன்ற உத்தரவு. பாலியல் குற்றம் போன்றவை மட்டும் விலக்கு. நீங்கள் சொல்வதுபோல் சிராய்ப்பு மட்டும்தான் என்றால், பாரதிய நியாய சன்ஹிதாவில் (பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்தது) பொதுவாக வருவது 296(பி) அசிங்கமாகத் திட்டியது, 115(2) காயம் ஏற்படுத்தியது, 351(2) மிரட்டியது. மூன்றுமே ஜாமீனில் விடக்கூடியவை. ஜாமீனில் விடக்கூடிய குற்றத்தில் ஜாமீன் கேட்பது உரிமை. ஸ்டேஷனிலேயே விட்டாக வேண்டும். கொலை மிரட்டல் என்று 351(3)-ஐச் சேர்த்தால் நிலைமை கனமாகும், அதில் ஏழாண்டு வரை தண்டனை இருக்கிறது. அப்போது முன்ஜாமீன் மனு (482-வது பிரிவு) பற்றித் திருநெல்வேலி முதன்மை அமர்வு நீதிமன்றத்தில் ஏற்பாடு செய்ய வேண்டும். அதிலும்கூட, ஏழாண்டு வரையிலான குற்றங்களில் ஏன் கைது தேவை என்று அதிகாரி எழுதி வைக்க வேண்டும், மாஜிஸ்திரேட் அதைப் படித்துப் பார்க்காமல் ரிமாண்ட் செய்யக் கூடாது என்பது 2014-ல் உச்ச நீதிமன்றம் தந்த அர்னேஷ் குமார் தீர்ப்பு. "எஃப்.ஐ.ஆர். போட்டா உடனே ரிமாண்ட்" என்று யார் சொன்னாலும் அது சட்டம் இல்லை.

நம் மாவட்டத்தில் சொல்லாமல் விடக்கூடாத ஒன்று. இரு தரப்பும் வேறு வேறு சமூகமாக இருந்து, புகார் கொடுத்தவர் பட்டியல் சாதியோ பழங்குடியோ என்றால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டப் பிரிவுகளும் வரலாம். அதில் முன்ஜாமீனுக்குத் தடை இருக்கிறது. விசாரணை அதிகாரி டி.எஸ்.பி. அந்தஸ்தில் இருக்க வேண்டும், எஃப்.ஐ.ஆருக்கு முன் பூர்வாங்க விசாரணை தேவையில்லை. மறுபுறம், நீங்கள் அந்தச் சமூகமாக இருந்து, உங்கள் வாழையை வெட்டியவர்கள் வேறு சமூகமென்றால், இதே பாதுகாப்பு உங்களுக்கு. உங்கள் கடிதத்தில் அது இல்லாததால் இரண்டையும் சொல்லி வைக்கிறேன். வக்கீலிடம் முதல் பேச்சிலேயே இதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

ஒருவேளை கைதே செய்துவிட்டால் நேரம்தான் முக்கியம். பிடித்த நிமிடத்தைக் குறித்து வையுங்கள். கைது செய்பவர் பெயர் தெளிவாகத் தெரியும் அடையாளம் அணிந்திருக்க வேண்டும். கைதுக் குறிப்பு ஒன்று எழுதி, அதில் குடும்பத்தாரோ ஊரில் மதிப்புள்ள ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும், உங்கள் மகனும் போட வேண்டும் (36-வது பிரிவு, உச்ச நீதிமன்றத்தின் டி.கே. பாசு வழக்கிலிருந்து வந்தது). அந்தக் குறிப்பில் எழுதியிருக்கும் நேரத்தைப் பார்க்காமல் நீங்கள் கையெழுத்துப் போடாதீர்கள். காலை பத்துக்குப் பிடித்தவனை மாலை ஆறுக்குப் பிடித்ததாக எழுதியிருந்தால், 24 மணி நேரக் கணக்கில் எட்டு மணி நேரம் அங்கேயே காணாமல் போகிறது. தவறாக இருந்தால் உண்மையான நேரத்தை எழுதி அதற்குக் கீழே கையெழுத்துப் போடுங்கள். கைதுக்கான காரணத்தை, அவனுக்குப் புரியும் மொழியில், எழுத்தில் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 நவம்பரில் எல்லா வழக்குகளுக்கும் பொதுவாக்கியிருக்கிறது. உடனே தர முடியாத அவசரம் என்றாலும், மாஜிஸ்திரேட் முன் நிறுத்துவதற்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் முன்னால் தந்தாக வேண்டும். விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்கும் உரிமை 38-ல் இருக்கிறது. முழு நேரமும் பக்கத்தில் உட்கார முடியாது, இடையில் சந்திக்கலாம்.

பிடித்த நேரத்திலிருந்து, பயண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். ஞாயிறு, பண்டிகை என்று விலக்கு இல்லை. விடுமுறை நாளில் மாஜிஸ்திரேட் வீட்டுக்கே கொண்டுபோவார்கள். அதற்கு முன் அரசு மருத்துவமனையில் பரிசோதனை. இந்த இரண்டு இடத்திலும் நடப்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அடிபட்ட பையன்கள் வாயடைத்துப் போவது இங்கேதான்.

மருத்துவர் மேஜைக்கு எதிரே நிற்க வைப்பார்கள், பக்கத்தில் இரண்டு காவலர். "உடம்புக்கு ஏதாவது இருக்கா?" என்று மருத்துவர் கேட்பார். பையன் காவலரைப் பார்த்துவிட்டு "ஒண்ணும் இல்லை" என்பான். அரை நிமிடத்தில் சான்று தயார். காயம் இருந்தால் அங்கேயே சட்டையைக் கழற்றிக் காட்டி, யார், எப்போது, எதால் அடித்தார்கள் என்று சொல்ல வேண்டும். மருத்துவர் அதை விபத்துப் பதிவேட்டில் எழுதுவார். பிறகு கோர்ட்டில் அந்த ஏ.ஆர். நகல்தான் பேசும். அடுத்தது மாஜிஸ்திரேட். அங்கேயும் அதே காவலர்கள் பின்னால் நிற்பார்கள். "போலீஸ் மேல ஏதாவது புகார் உண்டா?" என்று கேட்கும் அந்த ஒரு கணத்தில் சொல்லாவிட்டால், "புகார் இல்லை" என்று பதிவாகிவிடும். மாஜிஸ்திரேட்டிடம் தனியாகப் பேச வேண்டும் என்று கேட்கலாம். நீங்கள் வீட்டிலிருந்து போகாமல் இருங்கள் என்று மேலே சொன்னேன், அது ஸ்டேஷனுக்கு. ரிமாண்டுக்குக் கொண்டுபோகும் இடத்துக்கு வக்கீலோடு கட்டாயம் போய் நில்லுங்கள். எந்த மாஜிஸ்திரேட், எத்தனை மணிக்கு என்று ஸ்டேஷன் ரைட்டரிடம் கேட்டுக்கொண்டே இருங்கள். பையன் எங்கே என்றே சொல்லாமல் 24 மணி நேரம் தாண்டினால் மதுரைக் கிளையில் ஆட்கொணர்வு மனு போட வேண்டியதுதான். அதற்கும் நீங்கள் குறித்து வைத்த நேரம்தான் அடிப்படை.

வீட்டைச் சோதனை போட வந்தால்: உள்ளூர்ச் சாட்சிகள் இருவர் இருக்க வேண்டும், முழுவதையும் வீடியோ எடுக்க வேண்டும் (105-வது பிரிவு), எடுத்துப்போகும் பொருளின் பட்டியல் நகலை உங்களிடம் தர வேண்டும். தடுக்காதீர்கள், கையைப் பிடித்து இழுக்காதீர்கள். அரசு ஊழியரைப் பணி செய்யவிடாமல் தடுத்ததாக இன்னொரு பிரிவு சேர்ந்தால், இதுவரை இருந்த உங்கள் நியாயம் பின்னால் போய்விடும்.

ஐம்பதாயிரம் விஷயம். கொடுக்காதீர்கள். நஷ்ட ஈடு எவ்வளவு என்று முடிவு செய்யும் அதிகாரம் எந்த ஸ்டேஷனுக்கும் கிடையாது. வரப்பு யாருடையது என்பதையும் இன்ஸ்பெக்டர் தீர்மானிக்க முடியாது. கொடுத்தால் தப்பை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகும், ரசீதும் இருக்காது, எஃப்.ஐ.ஆர். வராது என்ற உத்தரவாதமும் இல்லை. பக்கத்துத் தோட்டக்காரரோடு உண்மையிலேயே சமாதானம் ஆக வேண்டும் என்றால், அது நல்லதுதான், நானும் அதையே விரும்புவேன்; காலத்துக்கும் ஒரே வாய்க்காலில் தண்ணீர் பாய்ச்ச வேண்டியவர்கள் நீங்கள். ஆனால் அதை வட்ட சட்டப்பணிகள் குழுவில் வைத்துப் பேசுங்கள். அங்கே எழுதும் உடன்பாட்டுக்கு மதிப்பு உண்டு, யாரும் லாக்கப்பைக் காட்டிப் பேச மாட்டார்கள்.

வரப்புக்கு முதல் வேலை அளவை. இ-சேவை மையத்தில் கட்டணம் கட்டி எல்லை அளந்து தர மனுப் போடுங்கள். பட்டா, சிட்டா, கிரயப் பத்திர நகல், புலப்பட நகல் வேண்டும். சர்வேயர் வரும் நாளில் எதிர்த்தரப்புக்கும் தகவல் போகும். அவர்களும் இருக்கும்போது அளந்து கல் போடுவதுதான் நிற்கும். அதற்குள் வெட்டுப்பட்ட வாழைகளை அகற்றாமல், வேலியோடு சேர்த்து நாலு பக்கமிருந்தும் படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடம் எழுத்தில் தெரிவியுங்கள். வேலியை நீங்களாகப் பிடுங்க வேண்டாம். மறுபடி வெட்டுவார்கள் என்று தோன்றினால் முன்சீப் கோர்ட்டில் தடையாணை. நிலம், தண்ணீர் தகராறில் அமைதி கெடும் நிலை வந்தால் வருவாய்த்துறை நிர்வாக மாஜிஸ்திரேட் 164, 166 பிரிவுகளில் விசாரிக்கலாம். சேரன்மகாதேவி கோட்டாட்சியரிடம் போகும் வழி அது. வாழை வெட்டியதற்கு உங்கள் தரப்பிலிருந்தும் ஒரு புகார் கொடுங்கள், சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். ஸ்டேஷனில் வாங்க மறுத்தால் 173(4)-ன்படி எஸ்.பி.க்குத் தபாலில், அதற்கும் பயனில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம். இரு தரப்பு வழக்கு என்றால் இரண்டையும் சேர்த்து விசாரிக்க வேண்டியது போலீஸின் கடமை. அவர்கள் மனுவை மட்டும் வைத்துப் பேசுவது இதோடு நிற்கும்.

போலீஸார் எல்லாரும் இப்படி என்று நான் சொல்லவில்லை. சம்மன் கேட்டதும் மறு பேச்சில்லாமல் எழுதிக் கொடுக்கும் இன்ஸ்பெக்டர்களும் இந்த மாவட்டத்தில் உண்டு. எழுத்து அவர்களுக்கும் காப்பு என்பது அவர்களுக்குத் தெரியும். உங்கள் ஸ்டேஷனில் பேசியவர் இன்ஸ்பெக்டருக்குத் தெரியாமலேகூட இந்தப் பஞ்சாயத்தை நடத்தியிருக்கலாம். அதனால்தான் கடிதத்தை இன்ஸ்பெக்டர் பெயருக்கு எழுதச் சொன்னேன். அவர் கவனிக்கவில்லை என்றால் எஸ்.பி. அலுவலகத்தில் புதன்கிழமை நடக்கும் குறைதீர் கூட்டத்தில் நேரில் மனு கொடுங்கள். மனித உரிமை மீறல் என்று மாநில மனித உரிமை ஆணையத்துக்குப் போவதானால் நடந்ததிலிருந்து ஓர் ஆண்டுக்குள் போக வேண்டும்.

வக்கீலுக்குப் பணம் எங்கே போவது என்று யோசிக்க வேண்டாம். பெண்களுக்கும், 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கும், காவலில் இருப்பவர்களுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம், அல்லது மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் நேரில் மனு எழுதிக் கொடுக்கலாம். போகும்போது ஸ்பீடு போஸ்ட் ரசீதுகள், நேரம் குறித்த நோட்டு, செல்போன் பெட்டி, சின்னவனின் மதிப்பெண் சான்றிதழ் நகல், பட்டா நகல், வாழை வெட்டுப்பட்ட படங்கள் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். மகன் கூட வரட்டும். வியாழக்கிழமை யார் யாரைத் தள்ளினார்கள் என்பதை அவன் வாயால், கூட்டாமல் குறைக்காமல், வக்கீலிடம் சொல்ல வேண்டும்.